எண்ணெய் படாத கண்ணாடி

அக்காவுக்குப் பயமே கிடையாது என்று சனம் சொல்லும். இன்றைக்கும், வன்னியில் இருந்து வந்த இரண்டு பேர் ஏதாவது கலியாண வீட்டில் சந்தித்தால், "அந்த மலேரியா மிஸ், கிபிர்ப் பிளேன் தலைக்கு மேலை சுத்தேக்கையும் கதிரையை விட்டு எழும்பாத மனுசி" என்று ஒருவர் தொடங்கிவிடுவார். நான் வாயைத் திறக்காமல் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருப்பேன். அவர்களுக்கு என்ன தெரியும்? அவரைப்போலப் பயந்த மனுசியை என் சீவியத்தில் நான் கண்டதில்லை. அந்தப் பயம்தான் அவருடைய திறமை. அது செத்த பிறகுதான் சனம் அவரை மெச்சத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் பின்பாதியில், இடம்பெயர்ந்து வந்து காட்டோரத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் 'ஆண்டு மூன்று' என்று எழுதியிருந்த அறையில் நான் மருந்து கொடுத்தேன். மருந்துக் கலவையாளர் என்பது என் உத்தியோகம். கலக்க அங்கே பெரிதாக மருந்து எதுவும் இருக்கவில்லை. பக்கத்து அறையில் யன்னலோரம் ஒரு மேசை, மேசையில் ஒரு நுணுக்குக்காட்டி, அதற்குப் பின்னால், நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட அந்த மலேரியா மிஸ். கரண்ட் இல்லை. நுணுக்குக்காட்டிக்கு அடியில் இருந்த சின்ன ஆடியைத் திருப்பி, யன்னலால் வரும் வெளிச்சத்தைப் பிடித்துத்தான் இரத்தம் பார்ப்பார். வெயில் சாய்ந்தால் வேலை முடிந்தது.

காய்ச்சல் என்று வருகிறவரின் விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, நீலச் சாயம் போட்டுக் காயவைப்பார். சிலைட் என்று சொல்லுவோம். காய்ந்த சிலைட்டின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால்தான் நுணுக்குக்காட்டியின் வில்லையால் உள்ளே இருக்கிறது தெரியும். எண்ணெய் விடாமல் பார்க்கவே முடியாது. மலேரியாக் கிருமி கண்டால் ஒரு கடதாசித் துண்டில் 'உண்டு', காணாவிட்டால் 'இல்லை'. அந்தத் துண்டோடு என் யன்னலுக்கு வருவார்கள். 'உண்டு' என்றால் குளோரோகுயின் குளிசை. 'இல்லை' என்றால் இரண்டு பரசிற்றமோல், அதுவும் இருந்தால். மருந்துகள் தடைகளைத் தாண்டி வரவேண்டிய காலம் அது. எல்லாக் காய்ச்சலுக்கும் குளிசை கொடுத்திருந்தால் இரண்டு கிழமையில் போத்தல் காலி.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று வயதிருக்கும். கலியாணம் கட்டவில்லை. யாழ்ப்பாணத்து மனுசி. விரல் நுனிகள் எப்போதும் சாயத்தால் நீலம். கதை குறைவு, கதைத்தால் வெட்டு. துண்டு எழுதுவதற்கு அவசரப்படுத்துகிறவர்களிடம் ஒன்றைத்தான் சொல்லுவார்: "இருக்கு எண்டு சொல்ல ஒண்டு காணும். இல்லை எண்டு சொல்ல நூறு வேணும்."

நூறு என்றது நுணுக்குக்காட்டியின் வட்டத்துக்குள் தெரிகிற நூறு இடங்கள். சிலைட்டை நகர்த்தி நகர்த்தி நூறு இடமும் பார்த்துக் கிருமி இல்லையென்றால்தான் 'இல்லை' என்று எழுதலாம். பத்து மஞ்சாடி விதைகள் வைத்திருந்தார். பத்து இடம் பார்த்ததும் ஒரு விதை இந்தத் தகரமூடியில் இருந்து அந்தத் தகரமூடிக்குப் போகும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மனுசரின் கண்ணும் கவனமும் எவ்வளவு தாங்கும் என்று.

என் மகளுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்தது. டொக்டர் பார்த்துவிட்டுத் தடிமன் காய்ச்சல், போகட்டும் என்றார். அக்காவிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஏழு விதை நகர்ந்தது, எட்டு நகர்ந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "விடுங்கோ அக்கா, டொக்டரே சொல்லிட்டார்" என்றேன். கண்ணை எடுக்காமல், "டொக்டர் பிள்ளையைப் பாத்தவர். நான் இரத்தத்தைப் பாக்கிறன். வாயை மூடிக்கொண்டு நில்" என்றார். ஒன்பதாவது விதைக்கும் பத்தாவதுக்கும் நடுவில் கண்டுபிடித்தார். பிள்ளை பிழைத்தாள். அந்தப் பிள்ளை இப்போது வெளிநாட்டில் டொக்டர். அதுவும் மூளைக்கு.

அக்காவின் காதைப் பற்றிச் சொல்லவேண்டும். தொண்ணூறில் ஊரில் ஒரு பின்னேரம் றேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததில் ஹெலிகொப்டர் சுட வந்தது அவருக்குக் கேட்கவில்லையாம். தாயைப் பறிகொடுத்தது அந்தப் பின்னேரத்தில்தான். அதன்பிறகு அவர் பாட்டுக் கேட்டதுமில்லை, முணுமுணுத்ததுமில்லை. வாசலுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டார். குசினியில் சட்டிமூடி விழுந்தால் கதிரையோடு துள்ளுவார், துள்ளிவிட்டுச் சமையற்காரனை மூன்று தலைமுறைக்குத் திட்டுவார். நித்திரை என்று ஒன்று அவருக்கு இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

பிளேன் வருவது எங்களுக்குக் கேட்கிறதற்கு முன்னம் அவருக்குக் கேட்டுவிடும். கண் நுணுக்குக்காட்டியில் இருக்கும், தலை மட்டும் ஒரு பக்கம் சரியும். அடுத்த கணம் நுணுக்குக்காட்டியைத் துணியால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்கு ஓடுவார். அந்தப் பகுதி முழுக்க நுணுக்குக்காட்டி அது ஒன்றுதான் இருந்தது. அவர் ஓடினால் நாங்களும் ஓடுவோம். வானத்தை ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அக்காவின் யன்னலைத்தான் பார்ப்போம். இப்படி ஓடி உயிர் தப்பியவர்களில் நானும் ஒருவன், இதை மறைக்க ஒன்றுமில்லை. பங்கருக்குள் அவர் உடம்பு நடுங்குவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். "எனக்குப் பயத்திலை ஈரல் கருகுது தம்பி" என்பார். வெட்கப்படாமல் சொல்லுவார்.

எப்போது மாறத் தொடங்கினார் என்று நாள் சொல்ல எனக்குத் தெரியாது. முதலில், காலை பத்து மணிக்கே நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடி தூங்கினார். தட்டி எழுப்பினால் கோபிப்பார். கதிரையால் எழும்பும்போது தலை சுற்றி மேசையைப் பிடிப்பார். நித்திரையில்லாத மனுசி, சாப்பாடு ஒழுங்கில்லை, எல்லாருக்கும்தான் இந்தக் கெடுகாலம் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் சமையற்காரன் சட்டிமூடியைக் கீழே போட்டான். அவர் துள்ளவில்லை. "மிஸ்ஸுக்கு இப்ப என்னிலை கோபம் இல்லை" என்று அவன் சந்தோசப்பட்டான்.

பிறகுதான் அந்தக் கிபிர் நாள். ஒரு காலைநேரம், வெளிநோயாளர் வரிசை வேலிவரைக்கும் நிற்கிறது. அன்று யன்னலில் ஒரு அசைவும் இல்லை. தலைக்கு மேல் இரைச்சல் வந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விழுந்தடித்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தோம். குண்டு குளத்துப் பக்கம் விழுந்தது. புழுதி அடங்கி வெளியில் வந்து பார்த்தால், அக்கா கதிரையில் இருக்கிறார். முன்னால் நுணுக்குக்காட்டி. மேசையில் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கிறது.

சனம் வாயைப் பிளந்தது. "எங்கடை இரத்தத்தை விட்டிட்டு எழும்பமாட்டன் எண்டு இருந்தவவாம்" என்று வரிசையில் ஒரு கிழவர் சொல்ல, மத்தியானத்துக்குள் அது ஊர்க்கதையாகிவிட்டது. டொக்டர் அந்தக் கிழமைக் கூட்டத்தில் எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "அக்காவைப் பாருங்கோ. கடமை எண்டால் அதுதான். நீங்களும் இருக்கிறியள், பங்கருக்குப் பாயிறதுக்கு." எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்து போகும்போது அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு பிள்ளை பிழை செய்துவிட்டு நிற்பதுபோல நின்றார்.

"தம்பி, சத்தம் எனக்குக் கேட்டது. கேக்கேல்லை எண்டு இல்லை. ஆனால் உள்ளுக்கை ஒண்டும் எழும்பேல்லை. ஓடவேணும் எண்டே தோன்றேல்லை. இவை என்னைப் புகழுகினம். எனக்கு என்னவோ நடக்குது."

"களைப்பு அக்கா. ரெண்டு நாள் லீவு போடுங்கோ" என்றேன். வேறு என்ன சொல்ல என்று நினைத்தேன். நினைத்துப் பார்த்தால் எவ்வளவோ சொல்லியிருக்கலாம், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒரு வீராங்கனை இருப்பது எங்களுக்கும் ஒரு தென்பாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிலைட்டுகளுக்கும் தட்டுப்பாடு. புதிது வராது. பார்த்து முடிந்த சிலைட்டைச் சாம்பலும் சவுக்காரத் தண்ணியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து அடுத்த நாளுக்கு எடுப்போம். ஆள் பற்றாக்குறை, அதனால் பின்னேரத்தில் அந்த வேலையும் என் தலையில். ஒருநாள் கழுவும்போது கையில் ஒரு வித்தியாசம் பட்டது. மற்றச் சிலைட்டெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டு சிலைட் மட்டும் மொரமொரப்பாகக் காய்ந்து கிடந்தது. எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. இலக்கத்தைப் பதிவுக் கொப்பியில் பார்த்தேன். இரண்டுக்கும் நேரே அக்காவின் எழுத்தில் 'இல்லை'.

நேரே அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாங்கள் இருவரும் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான்: ஒருவரின் சிலைட்டைப் பார்த்து எழுதிவிட்டு, அதை எடுக்காமலே அடுத்தவரின் இலக்கத்துக்கும் அதையே பார்த்து எழுதியிருக்கிறார். கை தன்பாட்டில் வேலை செய்திருக்கிறது, கவனம் எங்கேயோ போய்விட்டது.

"பாத்தனான் எண்டுதான் எனக்கு நினைவு" என்றார். பிறகு, "டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதை தம்பி. இந்த மேசையை விட்டால் எனக்கு ஒண்டும் இல்லை" என்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

நான் சொல்லவில்லை. அவருக்காகத்தான் என்று அன்று நினைத்தேன். அவரை எழுப்பினால் அந்தக் கதிரையில் இருக்க வேறு ஆள் இல்லை என்பதும் உண்மை. நானே ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு துண்டும் என் யன்னலுக்கு வரும்போது, 'இல்லை' என்றிருந்தால் ஆளைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்ச் சிலைட்டைத் தொட்டுப் பார்ப்பேன். எண்ணெய் இல்லையென்றால் திரும்ப அவர் முன்னால் வைத்து, "அக்கா, இதை இன்னொருக்காப் பாருங்கோ" என்பேன். பேசாமல் பார்ப்பார். இப்படி நாலு மாதம் ஓட்டினோம். டொக்டருக்கும் தெரியாது, சனத்துக்கும் தெரியாது. என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்குள் நானே மெச்சிக்கொண்ட நாட்களும் உண்டு.

மாரி தொடங்கியது. நுளம்பு பெருத்தது. வரிசை இரண்டு மடங்காகியது. ஒரு நாள் நூறு பேருக்குக் கிட்ட வந்தார்கள். தொட்டுப் பார்க்கப் போக எனக்கு நேரம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைவிட, ஒருநாள்தானே என்று விட்டேன் என்பதுதான் சரி.

யன்னலில் ஒரு பிள்ளை வந்து நின்றாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது, ஏழு மாத வயிறு. மலையகத்தில் இருந்து கலவரத்துக்கு ஓடிவந்து அக்கராயனுக்கு அங்கால் காணி வெட்டிக் குடியிருந்த சனத்தில் ஒருத்தி. துண்டை நீட்டினாள்.

"அண்ணே, இல்லைன்னு போட்டிருக்காங்க. ஆனா ஒடம்பு போட்டு நடுக்குது. குளிசை குடுக்க மாட்டீங்களா?"

"இல்லை எண்டால் குடுக்கேலாதம்மா. இதைப் போடுங்கோ. நாளைக்கும் காய்ச்சல் நிக்காட்டி வாங்கோ" என்று பரசிற்றமோலைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு மழைக்குத் தலையில் சீலையைப் போட்டபடி போனாள். ஆறு மைல் நடக்கவேண்டும்.

பின்னேரம் கழுவும்போது அவளுடைய சிலைட் கைக்கு வந்தது. காய்ந்து கிடந்தது.

நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. அக்காவிடம் கொண்டு போயிருக்கவேண்டும், குளிசையை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்திருக்கவேண்டும். வெளியே மழை ஊற்றியது. வெளிச்சமும் போய்விட்டது, இனிப் பார்க்கவும் முடியாது. காய்ச்சல் நிற்காவிட்டால் நாளைக்கு வருவாள்தானே என்று நினைத்தேன். சைக்கிள் ரயருக்குள் துணி அடைத்து ஓடுகிற காலம், சேற்றில் ஆறு மைல் எப்படிப் போவது என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே அந்தச் சிலைட்டில் சாம்பலைப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அதை எடுத்து வைத்துக்கூட இருக்கலாம். கழுவிவிட்டேன்.

அவள் அடுத்த நாள் வரவில்லை. மூன்றாம் நாள் உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். நினைவு இல்லை, வலிப்பு. அக்கா ஓடிவந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார். விதை எதுவும் நகரவில்லை, முதல் இடத்திலேயே கிருமி நிறைந்து கிடந்தது. மூளை மலேரியா. டொக்டர் இருந்த மருந்தையெல்லாம் ஏற்றினார். மத்தியானத்துக்கு முன் தாயும் போய், வயிற்றுப் பிள்ளையும் போனது.

புருசன் என் யன்னலுக்கு வந்தான். மெலிந்த, கறுத்த பொடியன். கையில் அந்தத் துண்டு நாலாக மடித்து இருந்தது.

"இதுல இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. யாருங்க பார்த்தது?"

கேட்டதில் கோபம் இருக்கவில்லை. தெரியவேண்டும் என்றுதான் கேட்டான். நான் வாயால் சொல்லவில்லை. கையை நீட்டி அக்காவின் யன்னலைக் காட்டினேன். அவன் அங்கே போய் நின்றான். அக்காவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவரும் அவனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பெட்டியில் ஏறிப்போனான்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. டொக்டரும், மேலிடத்தில் இருந்து வந்த ஒருவரும், நடுவில் பதிவுக் கொப்பி. வந்தவர் என்னைக் கேட்டார்: "இதுக்கு முன்னம் இவ வேலையிலை ஏதும் பிழை விட்டு நீங்கள் கண்டதுண்டோ?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்றால், அடுத்த கேள்வி 'ஏன் சொல்லவில்லை' என்பது. அதற்கு அடுத்தது 'அன்றைய சிலைட் எங்கே' என்பது. எனக்கு மனுசியும் பிள்ளையும் இருந்தார்கள்.

"இல்லை, ஐயா" என்றேன்.

அக்காவை வேலையை விட்டு விலகும்படி சொன்னார்கள். கடிதம் ஒன்று எழுதித் தரவேண்டும். அவர் பேனையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார், வசனம் வரவில்லை. "நீ எழுது தம்பி, நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார். நான்தான் எழுதினேன். எனது அசட்டையினால் ஓர் உயிர் போயிற்று என்று, அவர் பெயரில், என் கையெழுத்தில். அவர் வாசிக்காமலே ஒப்பம் வைத்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவரிடம் எத்தனை மாதக் கதை இருந்தது. ஒரு சொல்லும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லையா, அல்லது நான் சிலைட் தொட்டுப் பார்த்ததே அப்போது அவருக்கு மறந்துபோய்விட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மறந்திருக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன். எவ்வளவு கேடுகெட்ட விருப்பம் பாருங்கள்.

வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, செட்டிகுளத்தில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போனார். சனம் இரண்டாகப் பிரிந்து கதைத்தது. வீரக்கதையை விடாதவர்களும் இருந்தார்கள்; மற்றவர்களும் முன்பு மெச்சிய அதே சனம்தான். "பேர் எடுத்தவுடனை தலைக்கனம் வந்திட்டுது, வேலையைக் கவனிக்கேல்லை" என்று வரிசையில் சொன்னார்கள். நான் குளிசை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சில வருசங்களுக்கு முன்னம் மகளிடம் இந்தக் கதையில் பாதியைச் சொன்னேன். உன்னைக் காப்பாற்றிய மனுசி, முதலில் திடுக்கிடுவது நின்றது, பிறகு கவனம் போனது, அதற்கும் பிறகுதான் மறதி வந்தது என்று. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் விளங்கப்படுத்தினாள்.

"மூளை முள்ளந்தண்டுக்கு இறங்கிற இடத்திலை தண்டு மாதிரி ஒரு பகுதி இருக்கப்பா. அதுக்குள்ளை, ரெண்டு பக்கமும், நீட்டு அரிசி அளவிலை ஒரு இடம். வெட்டிப் பாத்தால் நீலமாத் தெரியும். அந்தச் செல்லுகள்தான் நொரட்ரினலின் எண்ட சாமானை மூளை முழுக்க அனுப்புறது. சத்தத்துக்குத் திடுக்கிடுறது, முழிச்சிருக்கிறது, ஒண்டிலை கவனத்தை வைச்சிருக்கிறது, இதெல்லாத்துக்கும் அதுதான் முக்கியம். அல்சைமர் எண்ட மறதிநோய் வாற ஆக்களிலை முதல் முதல் பழுதுபடுற இடங்களிலை அது ஒண்டு. மறதி தெரியிறதுக்குக் கன வருசத்துக்கு முந்தியே அங்கை தொடங்கியிடும்."

"ஏன் அதைப் பாத்து முதலிலை பிடிக்குது?"

"முழுக்க ஒருத்தருக்கும் தெரியாது. சின்ன இடம், ஆனால் கிளைவிட்டு மூளை முழுக்கப் போகவேணும். ஓய்வு குறைவு. ஆபத்து எண்டால் இன்னும் கூட வேலை. அந்த வேலையாலை உள்ளுக்கையே கழிவும் சேரும். அந்தச் செல்லுகளுக்குத் தாங்கிற சக்தி குறைவாயிருக்கலாம் எண்டு சொல்லுகினம்."

"அப்ப, பயந்து பயந்து இருந்ததாலைதான் அவவுக்கு வந்ததோ?"

"அப்பிடிச் சொல்லேலாதப்பா. அங்கை எல்லாரும்தானே பயந்தது. அவவின்ரை மூளையை ஒருத்தரும் சோதிக்கேல்லை. நான் சொல்லுறது ஊகம்."

நீலம் என்றதும் அவருடைய விரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அதில் பொருள் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம். எனக்கு எரிகிறது வேறு இடத்தில். ஒரு மனுசியின் மண்டைக்குள், எங்களுக்கெல்லாம் காவல் இருந்து களைத்துப்போன ஓரிடம் அணைந்துகொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்த்து நாங்கள் வீரம் என்று கைதட்டினோம். பிறகு அசட்டை என்று எழுதி ஒப்பம் வாங்கினோம். இரண்டு முறையும் நான் அங்கே இருந்தேன். சிலைட் கழுவிய கதையை மகளுக்கு நான் சொல்லவில்லை.

இதெல்லாம் தெரிய வருவதற்கு வெகுகாலம் முன்னம், இரண்டாயிரத்து ஒன்றில், என் குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்யப் பாஸ் எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு வந்தேன். காயம் ஆறியதும் ஒரு நாள் காலை செட்டிகுளம் பஸ் ஏறினேன். அவரிடம் ஒன்றைச் சொல்லவேண்டும் என்று இருந்தது. அந்தப் பிள்ளை செத்தது உங்களாலை மட்டும் இல்லை, அக்கா. பின்னேரமே எனக்குத் தெரியும், நான்தான் கழுவினேன். இதுதான் வசனம். பஸ்ஸில் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன்.

தங்கச்சிக்காரி என்னைக் கூப்பிட்டு இருத்தினார். வயல் வீடு, முற்றத்தில் நெல் காய்ந்தது. "ஒருத்தரையும் தெரியாது, தம்பி. என்னையே அம்மா எண்டு கூப்பிடுறா. தன்ரை பேர் கேட்டால் சிரிப்பா" என்றார்.

அக்கா உள்ளே கதிரையில் இருந்தார். முகம் சதை வைத்து வெளுத்திருந்தது. வாசலுக்கு முதுகு காட்டி இருந்தார். நான் முன்னால் போய் நின்றதும் கண்ணை உயர்த்தினார். கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கதிரையின் கையைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி எழும்பி, இரண்டு கையையும் கூப்பினார்.

"உங்கடை மனுசியைச் சாகக் குடுத்தது நான்தான் ஐயா. வயித்திலை பிள்ளையும் இருந்தது. நான் பாக்காமல் எழுதிப்போட்டன். என்னை மன்னிக்கமாட்டியளோ?"

தங்கச்சிக்காரி பின்னால் வந்து மெல்லச் சொன்னார்: "ஆர் ஆம்பிளை இந்தப் படி ஏறினாலும் இதுதான். தபால்காரனிட்டையும் கேட்டவ. எங்களுக்கு இதின்ரை தலையும் விளங்கேல்லை காலும் விளங்கேல்லை. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லிவிடுங்கோ தம்பி. சொல்லாட்டி கதிரையிலை இருக்கமாட்டா, நிண்டு நிண்டு காலும் வீங்கிப்போகும்."

அக்கா கூப்பிய கையை இறக்கவில்லை. பத்துத் தரம் சொல்லிப் பார்த்த வசனம் வாய்க்குள்தான் இருந்தது. அவருக்கு விளங்கியிருக்காது என்று நீங்கள் சொல்லலாம். விளங்கியிருந்தால் என்ன செய்வது என்றுதான் நான் பயந்தேன்.

"மன்னிச்சிட்டன்" என்றேன்.

"மெய்யாவோ?"

"மெய்யா."

அவர் திரும்பக் கதிரையில் இருந்தார். முகம் அப்படியே இளகிப்போனது. என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து, "நல்லாயிருப்பியள்" என்றார். என் கையை நான் இழுத்துக்கொண்டேன்.

படலையடியில், ஏதாவது கேட்கவேண்டும் என்று கேட்டேன்: "இனியாவது நிம்மதியா இருப்பாவோ?"

"ஒரு மணித்தியாலம் இருப்பா" என்றார் தங்கச்சிக்காரி. "மன்னிச்சது மறந்துபோகும் தம்பி. செய்தது மட்டும் மறக்குதில்லை. பின்னேரம் இவர் வயலாலை வருவார், அவரிட்டைத் திரும்பக் கேப்பா. நீங்கள் தேத்தண்ணியும் குடியாமல் வெளிக்கிடுறியள்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.